வீட்டிலிருந்து வேலை: மிச்சம் யார் கணக்கில்?

வீட்டிலிருந்து வேலை செய்வதால் கிடைக்கும் பொருளாதாரப் பயனையும் சுற்றுச்சூழல் பயனையும் எப்படி அளப்பது என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, அவரவர் அனுப்பிய எண்களை அப்படியே வைத்து, இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பதை நிரந்தரமாக்கலாமா என்று யோசிக்கிறார்கள். அதனால் கிடைக்கும் பயன்களை எண்களாகத் தொகுத்துத் தரும்படி மனிதவளப் பிரிவில் இருக்கும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஊழியர்களின் சராசரிப் பயண தூரத்தை ஆட்களின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் பெருக்கி, எரிபொருள் மிச்சம், கார்பன் மிச்சம் என்று கண்டுபிடித்தேன். வந்த எண் எனக்கே நம்பும்படியாக இல்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. பெருக்கலில் தவறு இருக்காது. அதற்கு முன்பே அது நுழைந்துவிட்டது. ஆட்களையும் தூரத்தையும் நாட்களையும் பெருக்கும்போது, வீட்டில் இருக்கும் நாளில் அந்தப் பயணம் முழுவதும் மறைந்துவிடுகிறது, அதன் இடத்தில் வேறெதுவும் நடப்பதில்லை, எல்லோரும் தனித்தனிக் காரில் வருகிறார்கள் என்ற மூன்று அனுமானங்களை நீங்கள் சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறீர்கள். மூன்றுமே பெரும்பாலும் பொய்.

காலையில் குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே அலுவலகம் வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் இருக்கும் நாளிலும் பள்ளிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மிச்சமாவது பள்ளியிலிருந்து அலுவலகம் வரையிலான தூரம் மட்டுமே, அதிலும் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் தூரத்தைக் கழிக்க வேண்டும். பேருந்தில் வருகிறவர் கணக்கு இன்னும் விசித்திரமானது. ஒரு பயணிக்கு இத்தனை கிராம் கார்பன் என்று அட்டவணைகளில் உள்ள எண் சராசரி எண். அவர் ஒருவர் ஏறாததால் பேருந்து நின்றுவிடுவதில்லை, டீசலும் ஏறத்தாழ அதே அளவுதான் எரிகிறது. அவர் வீட்டில் இருந்ததால் உண்மையில் குறைந்த உமிழ்வு கிட்டத்தட்டப் பூஜ்யம். பலர் சேர்ந்து வராமல் போய், போக்குவரத்து நிறுவனம் ஒரு நடையையே குறைத்தால்தான் கணக்கு மாறும். அப்போதுகூட அந்த நடையை நம்பியிருந்த வேறு பயணிகள் எதில் ஏறினார்கள் என்ற கேள்வி எழும்.

பன்னாட்டு எரிசக்தி முகமை 2020-இல் வெளியிட்ட ஒரு பகுப்பாய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. காரில் வருகிறவரின் ஒருவழிப் பயணம் சுமார் 6 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் வீட்டிலிருந்து வேலை செய்வது உமிழ்வைக் குறைக்கும். அதற்குக் குறைவான தூரத்திலும், பொதுப் போக்குவரத்தில் வருகிறவர்களிடமும், வீட்டில் கூடுதலாகச் செலவாகும் மின்சாரமும் எரிபொருளும் மிச்சத்தை விழுங்கிவிட்டு உமிழ்வைச் சற்று உயர்த்தவும் கூடும் என்கிறது அது. ஆகவே ‘சராசரி தூரம்’ என்ற ஒற்றை எண்ணை முதலில் கைவிடுங்கள். ஊழியர்களிடம் “வழக்கமாக எதில் வருகிறீர்கள்?” என்று கேட்காமல், “போன வாரம் திங்கள் எதில் வந்தீர்கள், செவ்வாய் எதில் வந்தீர்கள்?” என்று நாள்வாரியாகக் கேளுங்கள். வழக்கம் என்று கேட்டால், மனிதர்கள் தாங்கள் விரும்பும் வழக்கத்தைச் சொல்வார்கள்.

பொருளாதாரப் பகுதிக்கு ஊழியர், நிறுவனம், சமுதாயம் என்று மூன்று பத்திகள் கொண்ட தாள் ஒன்று போதும். ஒவ்வொரு மிச்சத்தையும் எழுதும்போது, அதே தொகை பக்கத்துப் பத்தியில் செலவாக வருகிறதா என்று பாருங்கள். அலுவலகத்தின் மின்கட்டணம் குறைந்து ஊழியரின் வீட்டு மின்கட்டணம் அதே அளவு கூடினால், அது மிச்சமே அல்ல. பை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாடகையும் அப்படித்தான். ஒரு தளத்தைக் காலி செய்தால் நிறுவனத்துக்கு லாபம், கட்டட உரிமையாளருக்கு அதே தொகை நட்டம். அந்த இடம் வேறு பயனுக்கு வரும்போதோ, அதனால் புதிய கட்டடம் ஒன்று எழும்பாமல் போகும்போதோதான் சமுதாயப் பத்தியில் ஏதாவது எழுத முடியும். நிர்வாகத்துக்கு நிறுவனத்தின் பத்தி மட்டும் போதுமென்றால் அதை மட்டும் தரலாம், தவறில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு ‘நாட்டுக்கு நன்மை’ என்று தலைப்பிட வேண்டாம்.

இன்னொரு தகவல். நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் ‘கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால்’ விதிமுறையில், ஊழியர்களின் அன்றாடப் பயணம் ‘ஸ்கோப் 3’ என்ற பிரிவின், அதாவது நிறுவனத்துக்கு வெளியே அதன் பொருட்டு எழும் மறைமுக உமிழ்வுகளின், 7-ஆவது வகையில் வருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்வதால் எழும் உமிழ்வையும் அதே வகையில் சேர்த்துக்கொள்ள அது இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயமில்லை என்பதாலேயே பல அறிக்கைகளில் பயண மிச்சம் மட்டும் இருக்கும், வீட்டு மின்சாரம் இருக்காது. உங்கள் அறிக்கையில் இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: என் வீட்டிலிருந்து அலுவலகம் 15 கிலோமீட்டர். இரண்டு வாரம் வீட்டு மின்மீட்டரைக் காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் குறித்து வைத்தோம். நான் அலுவலகம் போன நாட்களில் மகள் குறித்தாள். அந்த நாட்களில் இடைப்பட்ட நேரத்துக்குச் சராசரி 1.4 யூனிட், வீட்டில் இருந்த நாட்களில் 7.4 யூனிட். பெரும்பாலும் ஏ.சி.தான் காரணம். பெரும்பாலும் காரில் போவேன், சில நாள் பைக்கில். நான் வீட்டில் இருப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லதா, கெட்டதா?

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். மீட்டரைப் பார்த்து எழுதிய இரண்டு எண்கள், யூகமாகச் சொன்ன இருபது எண்களைவிட மேலானவை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்பதுபோல் வாகனத்துக்கு வாகனம் மாறும் எண் அல்ல இது. எரிபொருளிலேயே உள்ள கார்பனின் கணக்கு. உங்கள் கார் நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருவதாக வைத்துக்கொண்டால், போக வர 30 கிலோமீட்டருக்கு 2.5 லிட்டர், உமிழ்வு சுமார் 5.75 கிலோ. வீட்டில் கூடுதலாகச் செலவானது 6 யூனிட். நிலக்கரியை அதிகம் நம்பும் மின்கட்டமைப்பில், யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்தால் 4.2 கிலோ. ஆக, காரில் போகாத ஒரு நாளில் நீங்கள் மிச்சப்படுத்தியது சுமார் ஒன்றரை கிலோ. நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பைக்குக்கு வாருங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் 30 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர்கூட ஆகாது. உமிழ்வு ஒன்றரை கிலோ. அதை மிச்சப்படுத்த வீட்டில் 4.2 கிலோ செலவிட்டிருக்கிறீர்கள். அந்த நாட்களில் வீட்டில் இருந்ததால் ஒவ்வொரு நாளும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் நட்டம். அதே வீடு, அதே வேலை, அதே ஏ.சி.; எந்த வண்டி நின்றது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

இந்தக் கணக்கை வேறு எண்களோடும் போட்டுப் பாருங்கள். மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களிலிருந்தோ காற்றாலைகளிலிருந்தோ வருமானால் வீட்டுப் பக்கம் ஏறத்தாழப் பூஜ்யமாகி, காரின் மிச்சம் முழுவதும் உங்களுக்கே நிற்கும். நீங்கள் வராத நாளில் அலுவலகத்தில் உங்கள் பங்குக்கான ஏ.சி. உண்மையில் அணைக்கப்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது அணைக்கப்படுவதில்லை என்பதைக் கீழே இன்னொரு பதிலில் பார்க்கப்போகிறோம். பகலில் வீட்டில் வேறொருவர் ஏற்கெனவே அதே அறையில் ஏ.சி. போட்டுக்கொண்டு இருப்பாரானால், உங்கள் கூடுதல் நுகர்வு மடிக்கணினி அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஒரே ஒரு குறை: இரண்டு வாரம் போதாது. வெயில் காலத்தில் ஒரு முறையும் மிதமான பருவத்தில் ஒரு முறையும் மீட்டரை எழுதுங்கள். மேலே சொன்ன முகமையின் ஆய்விலேயே, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் வீட்டு எரிசக்தி நுகர்வு, அலுவலகம் போகும் நாளைவிட 7 முதல் 23 சதவீதம் வரை கூடுவதாகத்தான் சொல்லப்பட்டது. இடமும் பருவமும் மாறினால் எண் இவ்வளவு விரிகிறது.

கேள்வி: என் குழுவினர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு உற்பத்தித்திறன் 10 சதவீதம் கூடியிருக்கிறது. இதை வீட்டிலிருந்து வேலை செய்வதன் பயனாக எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். யார் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்ற இரண்டு விவரங்கள் இல்லாமல் அந்த 10 சதவீதத்துக்குப் பொருள் கிடையாது.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் நடத்திய சோதனை. முடிவுகள் 2015-இல் வெளியாயின. வீட்டிலிருந்து வேலை செய்ய முன்வந்த அழைப்பு மையப் பணியாளர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒற்றைப்படையில் பிறந்தவர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். விருப்பத்தையும் திறமையையும் பிறந்த தேதி பார்ப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள நுணுக்கம். ஒன்பது மாதத்தில் வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அதில் 9 புள்ளிகள், அவர்கள் குறைவாக இடைவேளையும் குறைவாக நோய் விடுப்பும் எடுத்து ஒரு பணிமுறையில் அதிக நிமிடங்கள் வேலை செய்ததால் வந்தவை. நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைக் கையாண்டதால் வந்தவை 4 மட்டுமே. பிந்தையதைத்தான் சொல்லின் சரியான பொருளில் உற்பத்தித்திறன் எனலாம். முந்தையது கூடுதல் உழைப்பு.

மணிநேரத்தைக் கணக்கில் எடுத்தால் விடை எப்படிப் புரளும் என்பதற்கு மைக்கேல் கிப்ஸ், ஃப்ரீடெரிகே மெங்கல், கிறிஸ்டோஃப் சீம்ரோத் ஆகியோரின் ஆய்வு நல்ல சான்று. ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குப் போனபின் வேலை நேரம் கூடியது, வெளியீடு சற்றே குறைந்தது. ஆக, மணிக்கான உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை சரிந்தது. கூட்டங்களிலும் ஒருங்கிணைப்பிலும் நேரம் கரைந்ததும், இடையூறில்லாமல் தொடர்ந்து வேலை செய்யும் நேரம் சுருங்கியதும் காரணங்கள். சென்னையில் தரவு உள்ளீட்டுப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து டேவிட் ஆட்கின் உள்ளிட்டோர் நடத்திய சோதனையிலும், வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் அலுவலகத்திலிருந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது.

இவை ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. வேலையின் தன்மை வேறு, வீட்டின் வசதி வேறு, முழு வாரமா சில நாட்களா என்பது வேறு. சிட்ரிப் நிறுவனமே பின்னர் டிரிப்.காம் என்ற பெயரில் 1,612 ஊழியர்களிடம் வாரம் இரண்டு நாள் முறையைச் சோதித்தபோது, செயல்திறன் மதிப்பீட்டில் வேறுபாடே தெரியவில்லை. ஆனால் வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 2024-இல் வெளியான முடிவு இது. எங்கள் கருத்தில், கலப்பு முறைக்கான பொருளாதார வாதம் உற்பத்தித்திறனில் இல்லை, இந்த விலகலில்தான் இருக்கிறது. ஒருவர் விலகினால் புதியவரைத் தேடும் செலவு, பயிற்சிச் செலவு, அவர் கைதேறும் வரை குறையும் வெளியீடு ஆகியவை உங்கள் நிறுவனத்தின் பதிவேடுகளிலேயே இருக்கும். யாரையும் கேட்டு மதிப்பிட வேண்டியதில்லை.

கேள்வி: பயணத்தில் மிச்சமாகும் நேரத்துக்கு எப்படி விலை போடுவது? மணிச் சம்பளத்தால் பெருக்கலாமா?

பதில்: முழுச் சம்பளத்தால் பெருக்குவது அதிகம். போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடுகிறவர்கள், சொந்தப் பயணத்தில் மிச்சமாகும் ஒரு மணி நேரத்தை மணி வருமானத்தில் ஏறத்தாழப் பாதியாக மதிப்பிடுவது வழக்கம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதலும் உள்ளூர்ப் பயணத்துக்கு 50 சதவீதத்தையே சொல்கிறது. ரயிலில் உட்கார இடம் கிடைத்துப் புத்தகம் படித்துக்கொண்டு போகிறவருக்கு இதுவும் அதிகம். நின்றுகொண்டே நசுங்கிப் போகிறவருக்குக் குறைவு.

இதைவிடப் பெரிய பள்ளம் இரட்டைக் கணக்கு. 27 நாடுகளில் நடந்த ஒரு கணக்கெடுப்பை வைத்துப் புளூம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023-இல் எழுதிய கட்டுரையின்படி, வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு நாளில் சராசரியாக 72 நிமிடப் பயணம் மிச்சமாகிறது. அதில் 40 சதவீதம், அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, மீண்டும் வேலைக்கே போகிறது. 34 சதவீதம் ஓய்வுக்கு, 11 சதவீதம் குடும்பத்தாரைக் கவனிப்பதற்கு. வேலைக்குத் திரும்பிய அந்த நிமிடங்களை ஊழியரின் நேர மிச்சமாக ஒரு முறையும், நிறுவனத்தின் கூடுதல் வெளியீடாக மறுமுறையும் எழுதியிருக்கும் அறிக்கைகளை நாங்களே பார்த்திருக்கிறோம். ஒரே அரை மணி நேரத்தை இருவருக்கு விற்க முடியாது. ஊழியருக்குச் சம்பளம் கூடாமல் அந்த நேரம் வேலைக்குப் போயிருந்தால், அது நிறுவனத்தின் பத்தியில் மட்டும் இருக்க வேண்டும்.

கேள்வி: 2020-இல் எல்லோரும் வீட்டில் இருந்தபோது வானம் தெளிந்ததே, அது போதாதா சான்றுக்கு?

பதில்: போதாது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2019-இன் சராசரியைவிட 17 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் அப்போது ஆலைகளும் விமானங்களும் கடைகளும் சேர்ந்தே நின்றிருந்தன. உலகில் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அவர்கள் எல்லோரும் வாரம் ஒரு நாள் வீட்டில் இருந்தால், வீட்டு நுகர்வைக் கழித்தபின் ஆண்டுக்குச் சுமார் 2.4 கோடி டன் மிச்சமாகும் என்று முன்பு சொன்ன முகமை கணக்கிட்டது. உலகின் மொத்த உமிழ்வோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கேள்வி: வாரம் ஒரு நாள், இரண்டு நாள் அலுவலகம் வந்தால் போதும் என்றதும் எங்கள் அலுவலகத்தில் பலர் தொலைவில் பெரிய வீடாகப் பார்த்துக் குடியேறிவிட்டார்கள். இது கணக்கில் வருமா?

பதில்: வர வேண்டும், ஆனால் பெரும்பாலும் வருவதில்லை. 12 கிலோமீட்டரிலிருந்து வாரம் ஐந்து நாள் வந்தவர் ஓட்டியது 120 கிலோமீட்டர். அவர் 50 கிலோமீட்டருக்கு அப்பால் போய், வாரம் ஒரு நாள் வந்தால் 100. இரண்டு நாள் வந்தால் 200. அந்த இரண்டாவது நாளில் பயண மிச்சம் முழுவதும் கரைந்து, மேலே கடனும் ஏறிவிடுகிறது. பெரிய வீட்டைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ ஆகும் மின்சாரம் வேறு. வீட்டில் நிற்கும் காரை வேறொருவர் எடுத்துச் செல்வதும், காலியான சாலையைப் பார்த்து முன்பு வராதவர்கள் வண்டியோடு வருவதும் இதே வகையான எதிர்விளைவுகள்.

தொலைவழிப் பணி என்ற கருத்துக்கு 1973-இல் பெயர் சூட்டிய ஜாக் நில்ஸ், சாலை நெரிசலுக்கும் எண்ணெய் நுகர்வுக்கும் மாற்றாகவே அதை முன்வைத்தார். அதன் பின் வந்த ஆய்வுகளில் 39-ஐத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, 26 ஆய்வுகள் எரிசக்தி மிச்சத்தையும் 8 ஆய்வுகள் மிச்சமின்மையையோ கூடுதல் நுகர்வையோ காட்டியதாகச் சொல்கிறது. வீட்டு நுகர்வு, மற்றப் பயணங்கள் என்று வலையை அகலமாக விரித்த ஆய்வுகளில் மிச்சம் குறைவாகவே சிக்கியிருக்கிறது. எனவே உங்கள் கணக்கெடுப்பில் “இரண்டாண்டுகளுக்கு முன் எங்கே குடியிருந்தீர்கள்?” என்ற கேள்வியைச் சேருங்கள்.

கேள்வி: பாதிப் பேர் வீட்டில் இருந்தால் அலுவலக மின்சாரமும் பாதியாகக் குறையுமா?

பதில்: குறையாது. 100 இருக்கைகள் உள்ள தளத்தில் 50 பேர் இருந்தாலும் விளக்குகள் எரியும், காற்றோட்டக் குழாய்கள் ஓடும், சர்வர் அறை குளிர்ந்துகொண்டே இருக்கும். குறைவது கணினிகளின் பங்கு மட்டுமே. தளத்தையே மூடினால்தான், அல்லது இருக்கைகளைப் பகிர்ந்துகொண்டு சிறிய இடத்துக்கு மாறினால்தான், மிச்சம் மிச்சமாகும். கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க ஊழியர்களைப் பற்றியது: முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவரின் கார்பன் தடம் அலுவலக ஊழியரைவிட 54 சதவீதம் வரை குறையலாம், வாரம் 2 முதல் 4 நாள் வீட்டில் இருந்தால் 11 முதல் 29 சதவீதம், ஒரே ஒரு நாள் என்றால் வெறும் 2 சதவீதம். முதல் கேள்வி கேட்ட வாசகியும் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்த இரண்டு நாட்களை ஆளுக்கொரு கிழமையாக விட்டுவிட்டால் எந்த நாளும் தளத்தை மூட முடியாது. எல்லோருக்கும் ஒரே கிழமைகளாக வைத்தால், அந்த இரண்டு நாளும் மெயின் சுவிட்சை அணைக்கலாம். மற்ற மூன்று நாட்களுக்கு எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்பதால் வாடகை குறையாது என்பதும் உண்மை. மின்சாரமா, வாடகையா என்று நிர்வாகத்தை முதலில் முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காணொளிக் கூட்டத்தில் கேமராவை அணைத்தால் கார்பன் மிச்சமாகுமா?

பதில்: மிகச் சொற்பமாக. வலையமைப்புக் கருவிகள் தரவு குறைந்தாலும் கூடினாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம் எடுப்பவை. கேமராவை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் அறையின் ஏ.சி.யை அணைத்துவிட்டு எழுந்து போனால், அது மீட்டரில் தெரியும்.